பாணந்துறைக் குரங்குக்குப் பின்னால் மறைந்துபோன கேள்வி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்து சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் குமார ஜயகொடி தெரிவித்தார். அன்று முகநூல் முழுக்கக் குரங்குப் படங்கள். நானும் சிரித்தேன். ஆனால் குப்பி விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இருட்டை நெடுநேரம் பகிடியாக எடுக்க முடியாது.

குரங்கோ, மரக்கொப்போ, அறுந்த கம்பியோ, ஏதோ ஒன்றின் வழியாக மின்சாரம் நிலத்துக்குப் பாய்வது எல்லா நாடுகளிலும் நடக்கிற கோளாறுதான். 'ஏர்த் ஆகிவிட்டது' என்று ஊரில் சொல்வோம். அப்படி நடந்தால் பழுதான பகுதியை மட்டும் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெட்டிவிட்டு, மற்ற இடங்களுக்கு மின்சாரம் தொடர்ந்து போகச் செய்வதே பாதுகாப்புக் கருவிகளின் வேலை. ஆகவே குரங்கு ஏன் ஏறியது என்பதல்ல கேள்வி. ஓரிடத்துக் கோளாறு ஏன் ஓரிடத்தோடு நிற்கவில்லை என்பதே கேள்வி.

அன்று ஞாயிறு என்பதால் மின் பாவனை குறைவு. வெயில் நல்ல வெயில். தேவையின் பெரும்பங்கைச் சோலார் கொடுத்துக்கொண்டிருந்தது. நீர், அனல் மின்நிலையங்களின் கனத்த சுழலிகளுக்கு ஒரு குணம் உண்டு: அதிர்ச்சி வந்தாலும் சுழலும் வேகத்தில் சில விநாடிகள் தாக்குப்பிடிக்கும். சோலார் தகட்டில் சுழல்வதற்கு எதுவுமில்லை. அதனால் 50 ஹேர்ட்ஸில் நிற்கவேண்டிய அதிர்வெண் விரைவாகக் குலைந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அதன் பலனாக அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டை அனுபவித்தோம்.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படவில்லை. பழைய ரிலேக்கள் கோளாறை அறிவது பெரும்பாலும் மின்னோட்டத்தின் அளவை வைத்துத்தான். சுழலும் இயந்திரம் கோளாறின்போது வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும், ரிலே உடனே விழித்துக்கொள்ளும். சோலார் இன்வேட்டரோ தன்னைக் காத்துக்கொள்ள, வழமையான அளவை விடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே கொடுக்கும். புதிய காற்றாலைகளும் பெரும்பாலும் இத்தகைய மின்னணுக் கருவிகளூடாகவே கட்டமைப்பில் இணைகின்றன. சத்தம் போட்டுக் கூப்பிட்ட கோளாறு இப்போது முனகுகிறது. ரிலேக்கோ காது மந்தம்.

இதில் எங்கள் மண்ணுக்கும் பங்குண்டு. அறுந்த கம்பி காய்ந்த மணலில் விழுந்தால் நிலத்துக்குள் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு. ரிலே எதையும் உணராது, கம்பியில் உயிர் இருக்கும். மன்னாரிலும் வடமராட்சி கிழக்கிலும் விடிய எழும்பி வேலைக்குப் போகிறவருக்கு இது பொறியியல் பாடமல்ல, உயிர்ப் பிரச்சினை.

தீர்வு இல்லாமல் இல்லை. கோளாறு ஏற்படும் கணத்தில் கம்பி வழியே ஓர் அலை இருபுறமும் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடுகிறது. இரு முனைகளிலும் அது வந்துசேரும் நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தால் குறித்தால் இடம் தெரிந்துவிடும். ஒரு மைக்ரோ விநாடி நேர வித்தியாசம் என்றால் சுமார் 150 மீற்றர் தூரம்தான் மாறும். வழமையான கணிப்பு மின்னலையின் ஒரு முழுச் சுற்றுக்காக, அதாவது 20 மில்லி விநாடி காத்திருக்கிறது. 'வேவ்லெட்' என்ற கணித முறை சட்டென்று எழும் நடுக்கத்தை அதற்கு முன்பே பிரித்துக் காட்டுகிறது. மணலில் விழுந்த கம்பியின் சிறு பொறிகள் விடும் அடையாளத்தைத் தேடவும் இத்தகைய முறைகள் பயன்படுகின்றன. அது இன்னும் கடினமான வேலைதான், பொய் எச்சரிக்கைகளும் வரும். ஆனாலும் பாதை அதுதான்.

2030 இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. அதற்கான காற்றும் வெயிலும் வடக்கில்தான் தேடப்படுகின்றன. மன்னாரில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. மேலும் வேண்டாம் என்று 2025 இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துத் தகடு பூட்டியவர் அந்த வருமானத்தை இழந்தார். உற்பத்திக்குக் காட்டிய அவசரத்தைக் கட்டமைப்பின் பாதுகாப்புக்குக் காட்டவில்லை என்பதே இதன் பொருள்.

அடுத்த காற்றாலைத் திட்டத்தோடு அதிகாரிகள் ஊருக்கு வரும்போது நிலம், பறவை, வெள்ளம் பற்றிக் கேட்பதோடு இதையும் கேட்போம்: இந்தக் கம்பி அறுந்து எங்கள் மணலில் விழுந்தால், எத்தனை விநாடியில் உங்களுக்குத் தெரியவரும்? எழுத்தில் பதில் தரட்டும்.