மனதுக்கும் வைத்தியம் வேண்டாமா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024ம் வருஷம் ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டுபோனதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி செய்து பிழைத்தவர்கள். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாயும், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு 50,000 ரூபாயும் சர்க்கார் கொடுப்பதாகச் சொன்னார்கள். அது போதுமா போதாதா என்ற விவாதத்தில் நாம் இப்போது புகவில்லை. பிழைத்தவர்களுடைய சங்கதி என்ன என்பதே நமது கேள்வி.

மெத்தனால் வயிற்றுக்குள் போனால், ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றிவிடுகின்றது. அந்த அமிலம் கண் நரம்பைத் தின்றுவிடுகின்றது. ஆகவே இப்பேர்ப்பட்ட சாராயத்துக்குத் தப்பினவர்களில் சிலருக்குப் பார்வை மங்கிப் போவதும், சிலருக்கு அடியோடு போய்விடுவதும் உண்டு. கருணாபுரத்திலும் அப்படியே நடந்தது. மூட்டை தூக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒருவன், இனித் தன் பெண்சாதி கையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடக்கவேண்டும் என்றால், அவனுடைய மனம் மாத்திரம் பழுதில்லாமல் இருக்குமா? சோறு இறங்காது, தூக்கம் வராது, யாரோடும் பேசப் பிடிக்காது. கடைசியில் இந்த வாட்டத்தை மறப்பதற்கென்றே மறுபடியும் குடியைத் தேடினாலும் தேடுவான். சிறுநீரகம் கெட்டவனுக்கும், சர்க்கரை வியாதியால் காலை இழந்தவனுக்கும், வாதத்தில் விழுந்தவனுக்கும் வருகின்ற மனச்சோர்வும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். அது உடல் நோயையும் வளர்க்கின்றது. எப்படியென்றால், மனம் சோர்ந்தவன் மருந்தை வேளைக்குச் சாப்பிடுவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை.

இதற்கு நம் ஜனங்கள் சொல்லும் சமாதானம் என்ன? தலைவிதி என்பார்கள், முன்ஜென்ம வினை என்பார்கள். குடிகாரனுக்கு இது வேண்டியதுதான் என்றும் சொல்லுவார்கள். மிஞ்சினால் கோவிலுக்கோ தர்காவுக்கோ இழுத்துக்கொண்டு போவார்கள். 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்களே, அவர்களை எந்த விதி கட்டிப்போட்டது? சங்கிலியைப் பூட்டினது மனிதன் கைதானே!

மேல்நாட்டில் இதை வைத்தியமாக எண்ணிப் பார்த்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியும் நீண்ட நோயும் உள்ளவர்களுக்கென்று 1979ம் வருஷத்தில் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். மைண்ட்புல்னெஸ் என்று அதற்குப் பெயர். மனக்கவனம் என்று நாம் சொல்லலாம். மூச்சு போவதையும் வருவதையும் கவனிப்பது, வலி எங்கே எப்படி இருக்கின்றது என்று பார்ப்பது, மனதில் தோன்றும் எண்ணத்தை எண்ணமாகவே அறிவது, இவ்வளவுதான் விஷயம். ‘நான் இனி எதற்கும் உதவாதவன்’ என்று கண் போனவனுக்குத் தோன்றுகின்றது. அது ஓர் எண்ணமே தவிர ருசுவான உண்மையல்ல என்று அவன் கண்டுகொள்ளப் பழக்குவதுதான் இதன் வேலை. பிற்பாடு ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூவர், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகின்றவர்களுக்கு ஏற்றபடி இதை மாற்றியமைத்தார்கள். இதற்குப் படிப்பும் வேண்டாம், கண்ணும் வேண்டாம், காதால் கேட்டாலே போதும்.

‘இது தியானமல்லவா, பகுத்தறிவுக்காரர்கள் இதைப் பேசலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். பௌத்தர்களுடைய பழக்கத்திலிருந்து எடுத்தது என்பது வாஸ்தவம்தான். எங்கிருந்து வந்தது என்பதைப்பற்றி நமக்குக் கவலையில்லை. பரீட்சையில் நிற்கின்றதா என்பதே கேள்வி. தியானப் பயிற்சிகளைப் பற்றிய 47 பரீட்சைகளை, 3,515 பேருடைய கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2014ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். மனச்சோர்வும் கவலையும் வலியும் ஓரளவு குறைந்தன என்பதும், மருந்தையோ தேகப்பயிற்சியையோ மற்ற மனவைத்தியத்தையோவிட இது மேலானது என்பதற்கு ருசு இல்லை என்பதும் அதில் கண்ட முடிவு. ஓரளவு என்று ஒப்புக்கொள்ளுகின்றவனை நம்பலாம். சர்வரோக நிவாரணி என்கின்ற சாமியாரிடம் எந்தக் கணக்கு இருக்கின்றது? கட்டணம் வாங்கிக்கொண்டு மூச்சை விற்கும் ஆசிரமக் கூட்டத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடவேண்டாம்.

இன்னொரு பித்தலாட்டத்தைப் பற்றியும் எச்சரிக்கின்றோம். ‘மனதை அமைதிப்படுத்திக்கொள், எல்லாம் சரியாய்ப் போய்விடும்’ என்று ஏழைக்கு உபதேசம் செய்துவிட்டு, அவனுக்கு உதவிப்பணமும் வேலையும் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அப்படியானால் இதுவும் புது வேஷம் போட்ட கர்மபலன்தான். மூச்சைக் கவனித்தால் போன கண் வராது. விஷச்சாராயம் விற்றவனும், விற்கவிட்டு வேடிக்கை பார்த்த அதிகாரியும் யோக்கியர்களாகிவிடவும் மாட்டார்கள். இருந்தாலும் நியாயம் கிடைக்கும் வரையில் அவன் உயிரோடிருக்க வேண்டுமல்லவா?

மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று 2017ம் வருஷத்துச் சட்டமே சொல்லுகின்றது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு 2021ம் வருஷத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். அப்படி வாசல் வரை வருகின்றவர், ‘இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கின்றதா? எதிலும் நாட்டமில்லாமல் இருக்கின்றதா?’ என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ஆமென்றால் டாக்டரிடம் அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? கள்ளக்குறிச்சி சர்க்கார் ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள், கண் போனவர்களையும் நீண்ட நோயாளிகளையும் உட்கார வைத்து இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் என்ன நஷ்டம்? ஒரு கூடமும் பாயும் பழக்கப்பட்ட ஓர் ஆளும் போதும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகின்றவர்களுக்குப் பஸ் சத்தமும் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டார்கள்.

அதுவரையில், 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே ஆலோசனை சொல்லுகின்றார்கள். தங்கள் தெருவில் படுத்துக் கிடப்பவர் யாராயிருந்தாலும், தோழர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்த எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.