வலிப்பும் பரம்பரைப் பழியும்

ஒரு வீட்டில் வலிப்பு உண்டென்றால் "பரம்பரைக் கோளாறு" என்று கலியாணப் பேச்சை முறித்துவிடுகிறார்கள். இப்போது "மரபணு" என்ற சொல்லும் அதற்குத் துணையாக வந்திருக்கிறது. விஞ்ஞானம் சொல்வதோ வேறு. திராவே எனும் கடுமையான குழந்தை வலிப்பை 2001இல் பெல்ஜியத்தில் ஆராய்ந்தபோது, பரிசோதித்த 7 பிள்ளைகளிடமும் ஒரே மரபணுவில் பழுது இருந்தது. தாய் தகப்பனிடம் அது இல்லை. பிள்ளையில் புதிதாகத் தோன்றியது. எந்தப் பரம்பரையைப் பழிப்பது?

வலிப்புள்ளவர் சிலர் தூக்கத்தில் திடீரென இறப்பதேன் என்றும் மரபணு ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். வலிப்புள்ள வளர்ந்தோர் 1000 பேரில் ஆண்டுக்குச் சுமார் ஒருவர் இவ்வாறு இறக்கிறார். முழு உடலும் வெட்டியிழுக்கும் வலிப்பு அடிக்கடி வருவோருக்கே ஆபத்து அதிகம். அந்த வலிப்பைப் பெரும்பாலானோரில் மாத்திரை அடக்கும். அதற்கு எந்த ஆய்வும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணி விட்டு எழும்பியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். பழைய கிளினிக் தூரம். புது இடத்தில் நோயைச் சொல்ல வெட்கம். மாத்திரை நின்றுபோகிறது, திடீரென நிறுத்துவதே பெரும் ஆபத்து. மாற்கு நற்செய்தியில் வரும் தகப்பன், மகனின் நோயைக் கூட்டத்தின் நடுவே சொன்னார். நாமோ தரகருக்குப் பயப்படுகிறோம்!

கிளினிக் கொப்பியைக் காணி உறுதியோடு பத்திரப்படுத்தி, கிட்டிய அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். அங்கே மருந்து இலவசம். நோயாளியை இரவில் தனியே படுக்க விடாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காமல் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே வாகனம் பிடியுங்கள்.