பேச்சுக்கால் எழும் முன்னரே வேண்டும் பரிசோதனை

மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் சர்வதேசப் பணி 2003 ஆம் ஆண்டு நிறைவெய்தியபோது, அவரவர் மரபணுவுக்கேற்ற மருத்துவம் என்னும் புதிய யுகம் பிறந்துவிட்டதாக உலகம் கொண்டாடியது. செல்வந்த நாடுகளில் புற்றுநோய்க்கான மருந்தைத் தெரிவு செய்வது வரை அது வளர்ந்துள்ளது. எமது நாட்டிலோ, அதனிலும் எளிய ஒரு பரிசோதனையே இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை. தலசீமியாக் காவிகளைக் கண்டறியும் பரிசோதனையே அதுவாகும்.

பெற்றோர் இருவரும் காவிகளாயின், ஒவ்வொரு பிரசவத்திலும் பிறக்கும் பிள்ளை நோயாளியாவதற்கு 25 சதவீத வாய்ப்பு உண்டு. கடும் தலசீமியா உடைய பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ மாதம் ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்புச்சத்தை அகற்ற இடைவிடாது மருந்தும் வழங்க வேண்டும். எந்த நேரத்திலும் 2,000 இற்கு மேற்பட்டோர் இந்நாட்டில் சிகிச்சை பெறவேண்டியிருப்பர் என 2000 ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை எமது தண்டனைச் சட்டக்கோவை அனுமதிப்பதில்லை. எனவே திருமணத்திற்கு முன்னரான பரிசோதனையே இங்கு பிரதான தடுப்பு வழியாகும். ஈரான் 1997 ஆம் ஆண்டிலும் சவூதி அரேபியா 2004 ஆம் ஆண்டிலும் இதனைக் கட்டாயமாக்கின. ஆயினும் சவூதியில் முதலாண்டில், ஆபத்து உண்டென அறிந்த இணைகளில் பத்தில் ஒன்பது பங்கினர் திருமணத்தைக் கைவிடவில்லை. இரு குடும்பங்களும் வாக்களித்து, நாளும் குறித்த பின்னர் கிடைக்கும் அறிக்கை எவரைத் தடுக்கும்?

கண்டி கற்கவேண்டிய பாடம் இதுவே. அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ, திருமணப் பேச்சு ஊரறிந்த பின்னர் முறிந்தால் பழி பெண்ணின் தலையிலேயே விழுகின்றது. மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிக்கும் வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நீடிக்கின்றது. ஒரே குடும்பத்தில் ஒரே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை மறக்கலாகாது. எனவே உயர்தரப் பரீட்சை எழுதும் வயதிலேயே, ஆண் பெண் இருபாலாருக்கும் இப்பரிசோதனை நடத்தப்பட வேண்டும். பெறுபேறு உரியவருக்கு மாத்திரமே வழங்கப்பட வேண்டும்; அதனைத் தமிழில் விளக்கும் ஆலோசகரும் இருத்தல் அவசியம்.

இதற்குப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. சாதாரண முழுக் குருதிப் பரிசோதனையே முதற்படி. ஐயம் எழுவோருக்கே ஹீமோகுளோபின் பரிசோதனை. சிக்கலானவர்களுக்கு மாத்திரமே மரபணுப் பரிசோதனை. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை மருத்துவ பீடமும் நகரின் அருகிலேயே உள்ளன. தேசிய தலசீமியா நிலையம் அமைந்துள்ள குருநாகலும் தொலைவில் இல்லை.

காவி நோயாளி அல்லர். காவி அல்லாத ஒருவரை அவர் மணந்தால் கடும் தலசீமியாப் பிள்ளை பிறப்பதில்லை. இந்த ஓர் உண்மை வெள்ளிக்கிழமை குத்பாவிலும் கோயில் மண்டபத்திலும் பாடசாலை வகுப்பறையிலும் ஒலித்தால் அச்சத்தில் பாதி அகலும். அதற்கான முதல் அடியைச் சுகாதார அதிகாரிகளும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகத்தினரும் கூட்டாக எடுத்துவைக்க வேண்டும். நோயுற்ற பிள்ளையைக் கையிலேந்திய பின்னர் உண்மையை அறியும் துயரம் இனியொரு தாய்க்கும் நேரலாகாது.