வாள் பிடித்தவருக்கும் பேச இடம் வேண்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்தால், பழைய ஆட்டக்காரர்கள் முதலில் சொல்வது, “ஃபைட்டர் எடுத்துக்கோ, ஈசியா இருக்கும்” என்பதுதான். மந்திரவாதி என்றால் பக்கம் பக்கமாக மந்திரங்களைப் படிக்க வேண்டும். ஃபைட்டர், அதாவது போர்வீரர், தன் முறை வரும்போது இருபது முகப் பகடையை உருட்டினால் போதும். சென்னையில் நான் நடத்தும் ஆட்டத்திலும் கூச்சப்படுபவர்கள், புதியவர்கள், தோழி இழுத்து வந்ததால் வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் கையில் வாளோடுதான் நிற்கிறார்கள்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, என்ன செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை தீர்மானிக்கும். சண்டைக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் பகடை உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எதிராளியின் மனதை மாற்ற 15 வேண்டும் என்று வையுங்கள். ஐந்தாம் லெவல் பாணர், அதாவது பாட்டாலும் பேச்சாலும் வெல்லும் பாத்திரம், தன் பேச்சுத்திறனுக்காக 7 கூட்டிக்கொள்வார். இருபது முகங்களில் பதின்மூன்று அவருக்குச் சாதகம். கரிஸ்மா, அதாவது பிறரைக் கவரும் ஆற்றல், 8 உள்ள போர்வீரர் ஒன்றைக் கழிக்க வேண்டும்; அவருக்குச் சாதகமானவை ஐந்தே முகங்கள். ஆகவே பேச்சுவார்த்தை வந்தால் மேசையில் இருக்கும் எல்லாரும் பாணரைப் பார்க்கிறார்கள். வீரர் கைப்பேசியை எடுக்கிறார். இயல்பிலேயே குறைவாகப் பேசுகிற ஒருவருக்கு, பேசினால் தோற்கிற பாத்திரத்தைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

தொடக்கத்தில் இப்படி இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே போர்வீரருக்குச் சமூகத்தில் ஓர் இடம் இருந்தது. ஒன்பதாம் லெவலை எட்டினால் அவர் பிரபு. கோட்டை கட்டலாம், சுற்றியுள்ள ஊர்களில் வரி வாங்கலாம். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு இதை இன்னும் துல்லியமாக்கியது: ஒவ்வொரு குடிமகனிடமிருந்தும் அவருக்கு மாதம் ஏழு வெள்ளிக்காசு வருமானம், கூடவே தேடிவந்து சேரும் படையாட்கள். காசு பெரிய விஷயமில்லை. வரி வாங்குகிறவரிடம் ஊரார் வழக்கைக் கொண்டுவருவார்கள், கொள்ளைக்காரன் வந்தால் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். போர்வீரர் ஊருக்குப் பொறுப்பானவராக வளர்ந்தார்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தக் கோட்டையும் ஆட்களும் ஃபைட்டரின் பக்கத்திலிருந்து காணாமல் போயின. படை திரட்டும் திறன் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. ஃபைட்டருக்குரிய திறன்களின் பட்டியலைப் பாருங்கள்: ஏறுதல், குதித்தல், நீந்துதல், குதிரையேற்றம், விலங்குகளைப் பழக்குதல், கைத்தொழில். மனிதர்களோடு பேச ஒன்றும் இல்லை. 2003-இல் திருத்திய பதிப்பு ஒன்றே ஒன்றைச் சேர்த்தது. அது மிரட்டல். 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதும் வாய் திறந்து செய்யக்கூடியதாக ஃபைட்டரின் பட்டியலில் இருந்தது மிரட்டல் மட்டும்தான். உடல்வலு உள்ளவர் வாயைத் திறந்தால் அச்சுறுத்தத்தான் திறப்பார் என்று ஒரு விதிநூல் பதினோரு ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படித்துத்தான் பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்கள் வீரரை உருவாக்கினார்கள்.

2024 பதிப்பு இணங்கவைக்கும் திறனையும் ஃபைட்டருக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே பதிப்பு வேறொன்றைப் பறித்துக்கொண்டது. 2014 நூலில் ‘படைவீரர்’ என்ற பின்புலத்தைத் தேர்ந்தவருக்கு ராணுவப் பதவி ஒன்று உண்டு: பழைய படையைச் சேர்ந்தவர்கள் அவரை அடையாளம் கண்டு மதிப்பார்கள், குதிரையோ சாமானோ கேட்டால் கொடுத்து உதவுவார்கள். பகடையே வேண்டாம். இப்போது அந்த இடத்தில் இருப்பது ஆயுதத்தால் கூடுதல் சேதம் விளைவிக்கும் திறன். பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவரை அறிந்த மனிதர்களை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள்.

“நல்லா நடிச்சுப் பேசினா போதுமே, விதி எதுக்கு?” என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். வாய்ச்சாலகம் உள்ளவருக்கு விதி வேண்டாம்தான். மற்றவருக்கு வேண்டும். தாளில் எழுதியிருக்கும் உரிமையைக் காட்டித்தான் கூச்சமுள்ளவர் பேச்சின் நடுவே நுழைய முடியும்.

எங்கள் ஆட்டத்தில் ஒருநாள், பாலத்தில் சுங்கம் வாங்கும் காவலர் ஒருவர் குழுவை மறித்தார். பாணராக ஆடுபவர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஃபைட்டராக ஆடிய கல்லூரி மாணவி மெதுவாக, “அக்கா, அந்தக் காவலருக்குச் செருப்பு அறுந்திருக்குன்னு சொன்னீங்கல்ல, அவருக்குச் சம்பளம் வரலையா?” என்றாள். “நீ உருட்டாத, உனக்கு மைனஸ்” என்று பக்கத்திலிருந்தவர் தடுத்தார். நான் பகடையை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். சம்பளம் வராத படையில் இருந்திருக்கிற ஒருத்தி கேட்கும் கேள்வி அது. பாணரிடம் வாயே திறக்காத காவலர், மூன்று மாதப் பாக்கியையும் அதை விழுங்கிய தளபதியின் பெயரையும் அவளிடம் கொட்டிவிட்டார். அன்றைய கதை பாலத்தைக் கடக்கவே இல்லை. தளபதியைத் தேடி ஊருக்குள் திரும்பியது, அவள் முன்னே நடக்க.

இதை நன்றாகச் செய்த ஆட்டமும் இருக்கிறது. கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ 1985-இல் வந்தது. ஆர்தர் மன்னர் காலத்து பிரிட்டனில் நடப்பது. அதில் ஆட்டக்காரர்கள் எல்லாருமே குதிரைவீரர்கள். இரக்கமும் கொடூரமும் ஒரு ஜோடி, இரண்டும் சேர்ந்து 20; ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். தலைவனிடம் விசுவாசம், குடும்பப் பாசம், விருந்தோம்பல் ஆகியவற்றுக்கும் எண்கள் உண்டு. சாகசம் முடிந்ததும் குளிர்காலக் கட்டம் வரும்: விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, திருமணம் கூடியதா, குழந்தை பிறந்ததா என்று பகடை உருட்டுவார்கள். வீரர் இறந்தால் அவர் பிள்ளையாக ஆட்டத்தைத் தொடரலாம். அங்கே வாள் ஒரு வாழ்க்கைக்குள் இருக்கிறது. எல்லா ஆட்டமும் பென்டிராகன் ஆக வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து கடன் வாங்க யாருக்கும் தடையில்லை.

ஆட்டம் நடத்துபவர்களிடம் கேட்கிறேன். புதியவர் கையில் ஃபைட்டர் தாளைக் கொடுக்கும்போது, இந்த வீரர் யாரிடம் சேவகம் செய்தார், யார் இவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார் என்று இரண்டு பெயர்களை அதன் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த இருவரில் ஒருவரை முதல் ஆட்டத்திலேயே கொண்டுவாருங்கள். வந்தவர் பாணரை விட்டுவிட்டு நேராக வீரரிடம் போகட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், உதவி கேட்கட்டும். வீரரின் பதில் வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கட்டும்.