புதுக் கக்கூசும் பழைய புத்தியும்

நமது தோழர் ஒருவர் தமது வீட்டின் குளிக்கும் அறையையும் கக்கூசையும் இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டத் தீர்மானித்தார். சாமான் வாங்கப் புறப்படுமுன் நம்மிடம் வந்து, "அய்யா, எந்த மாதிரிக் கோப்பை வாங்கலாம்? ஒரு யோசனை சொல்லுங்கள்" என்று கேட்டார். "இதுவரை யார் யாரைக் கேட்டீர்கள்?" என்றோம். முதலில் வாஸ்து பார்க்கிறவரைக் கேட்டாராம். அவர், "இப்போது கக்கூசு ஈசானிய மூலையில் இருக்கிறது. இது குடும்பத்திற்கு ஆகாது. வாயு மூலைக்கு மாற்றுங்கள். உட்காருகிறவர் கிழக்கு முகமாய் உட்காரவும் கூடாது" என்று சொல்லி, கூலியையும் வாங்கிக்கொண்டு போனாராம். பிறகு கடைக்காரரைக் கேட்டாராம். அவர் வெள்ளை, சந்தன நிறம், கறுப்பு என்று பத்துத் தினுசு காட்டினாராம். "உங்கள் தாயாரைக் கேட்டீர்களா?" என்றோம். தோழர் விழித்தார். "அம்மாவை எதற்குக் கேட்பது?" என்றார்.

இந்த ஒரு பதிலே இதை எழுதும்படி நம்மைத் தூண்டிற்று. அந்த அம்மையாருக்கு வயது எழுபதுக்கு மேல். இரண்டு முழங்காலிலும் வலி. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார். இரவில் எழுந்து போக வேண்டி வருமே என்று பயந்து, பொழுது சாய்ந்த பின் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஈசானிய மூலைக் கக்கூசு அம்மையார் படுக்கும் அறைக்கு அடுத்தாற்போல் இருக்கின்றது. வாயு மூலையோ முற்றத்தைத் தாண்டி வீட்டின் எதிர்க்கோடியில் இருக்கின்றது. ஆகவே, மேற்படி வாஸ்துக்காரர் சொன்னதன் அர்த்தம் என்னவென்றால், குடும்பம் விருத்தியாவதற்காகப் பெற்ற தாய் நடுராத்திரியில் முற்றத்து ஈரத்தில் வழுக்கி விழ வேண்டும் என்பதுதான். இதற்குக் கூலி வேறு!

வாஸ்துக்காரரை நாம் ஒன்று கேட்கின்றோம். பட்டணத்தில் ஐந்து மாடி, பத்து மாடி கட்டுகிறார்களே, அங்கே ஒரே நடைபாதையின் இருபுறமும் எதிரெதிராய் வீடுகள் இருக்கின்றன. இந்த வீட்டுக் கக்கூசு வாயு மூலையில் இருந்தால், எதிர்வீட்டுக் கக்கூசு வேறு மூலையில்தானே இருக்கும்? மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய்தானே இறங்குகிறது? அப்படியானால் நடைபாதையின் ஒரு புறத்தார் எல்லோரும் செல்வந்தராகவும் மறுபுறத்தார் எல்லோரும் ஓட்டாண்டியாகவும் ஆகிவிட்டார்களா? மலக்குழாய்க்கு ஈசானியமும் தெரியாது, வாயுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சரிவு ஒன்றுதான். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடி நீளத்தில் ஓர் அடி சரிவு கொடுத்தால் போகவேண்டியது போகும். சரிவு இல்லாவிட்டால் எந்த மூலையில் வைத்தாலும் அடைத்துக்கொள்ளும். கக்கூசை இடம் மாற்றினால் குழாய் நீளும், வளைவு கூடும், அடைப்பும் கூடும். கொத்தனாரைக் கேட்டிருந்தால் காசில்லாமலே இதைச் சொல்லியிருப்பார்.

நிற்க, குந்தி உட்காருவதா, நாற்காலி மாதிரி உட்காருவதா என்பதைச் சிறிது கவனிப்போம். ஒரு கூட்டத்தார், "குந்துவதுதான் நமது முன்னோர் வழக்கம், மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் நாகரிகம்" என்கிறார்கள். இன்னொரு கூட்டத்தார், நாற்காலிக் கோப்பை இல்லாவிட்டால் பெண் வீட்டார் மதிக்கமாட்டார்கள் என்கிறார்கள். இரண்டும் புத்தியைக் கடன் வாங்கிய பேச்சே ஒழிய வேறல்ல. முழங்கால் நன்றாயிருக்கிறவனுக்குக் குந்தும் கோப்பையே போதும். உடம்பு எதன்மேலும் படாது, விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம். முழங்கால் போனவருக்கும், கர்ப்பிணிக்கும், இடுப்பு ஒடிந்தவருக்கும் உட்காரும் கோப்பைதான் வேண்டும். இதில் முன்னோர் எங்கே வந்தார்கள்? வெள்ளைக்காரன் எங்கே வந்தான்? உட்காரும் கோப்பை வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் பதிக்கவேண்டும். தரைக்கு வழுக்காத கல் போடவேண்டும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கவேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவாயிருந்தால், உள்ளே விழுந்தவருடைய உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தூக்கப் போகிறவர் வெளியில் நின்று தவிக்கவேண்டியதுதான்.

கடைக்குப் போகுமுன் இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் பழைய குழாய் தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று பாருங்கள். தரைக்குள் இறங்கினால், சுவரிலிருந்து குழாய்த் துவாரத்தின் நடுப்பகுதிவரை அளந்து, சுவரில் கல் ஒட்டப்போகிறீர்களானால் அந்தக் கனத்தைக் கழித்து, எழுதிக்கொண்டு போங்கள். இதை அளக்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கிவந்து, துவாரத்தோடு பொருந்தாமல் புதுத் தரையை மறுபடி உடைத்தவர்கள் அநேகர். நல்ல நேரம் பார்த்து உடைத்தாலும் நஷ்டம் நஷ்டந்தான்.

இனி, "வீட்டுக்குள் கக்கூசு வந்தால் பூஜை அறைக்குத் தீட்டு" என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோப்பைக்கு அடியில் குழாய் கழுத்துப்போல் வளைந்திருக்கின்றதே, அந்த வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் குழாயின் நாற்றமும் பூச்சியும் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் இவ்வித வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். எந்த மந்திரமும் செய்யாத காரியத்தை இரண்டு அங்குலத் தண்ணீர் செய்கின்றது. இத்தனை காலமும் தீட்டு என்று பேரிட்டு, பெண்களைப் பொழுது விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வெளியே துரத்தியதைத் தவிர, அந்தச் சாஸ்திரத்தால் கண்ட சுகம் என்ன?

தண்ணீர்ச் செலவையும் கணக்குப் பாருங்கள். பழைய தொட்டிகள் ஒரு தடவை இழுத்தால் 10 லிட்டர், சிலது 12½ லிட்டர் கொட்டும். இப்போது இரண்டு பொத்தான் உள்ள தொட்டிகள் வருகின்றன. சிறியதற்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாலு தடவை சிறியது, ஒரு தடவை பெரியது என்று வைத்துக்கொண்டால், பழைய தொட்டிக்கு நாளொன்றுக்கு 250 லிட்டர், புதியதற்கு 90 லிட்டர். மிச்சம் 160. வருஷத்திற்கு 58,000 லிட்டருக்கு மேல். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் இது சின்னச் சங்கதியா? கிராமத்தில் வாளியில் மொண்டு ஊற்றுகிறவர்கள் நல்ல சரிவுள்ள குந்தும் கோப்பையாய்ப் பார்த்து வாங்கினால் 2 லிட்டரில் காரியம் முடிந்துவிடும்.

இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் தோழரை முடிவாகக் கேட்ட கேள்வி இதுதான்: "கோப்பையிலிருந்து போவது எங்கே போகிறது? அதை யார் எடுக்கிறார்கள்?" தோழர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பின்கட்டில் மூடிய தொட்டி இருக்கிறது. சில வருஷத்திற்கு முன் நிரம்பியபோது இரண்டு ஆட்களை இறக்கி எடுக்கச் சொன்னோம்" என்றார். "அவர்கள் பெயர் என்ன?" என்றோம். தெரியவில்லை. வாஸ்துக்காரரின் பெயர், இனிஷியல், அவர் வாங்கிய தொகை எல்லாம் ஞாபகம் இருக்கின்றது. தம் வீட்டு மலத்தில் கழுத்தளவு இறங்கினவர்களின் பெயர் தெரியவில்லை. ஆனால் அவர்கள் என்ன ஜாதி என்று மாத்திரம் கேளாமலே தெரிந்திருந்தது! இதை நாம் தோழரை இழிவுபடுத்தச் சொல்லவில்லை. இந்நாட்டில் தொட்டி வைத்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் வேறு பதில் சொல்லுவார்கள்?

அந்தத் தொட்டிக்குள் விஷவாயு இருக்கின்றது. மூடியைத் திறந்து இறங்கினவன் இரண்டு மூச்சில் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்கினவனும் விழுகிறான். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. அதன்படி, தக்க பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ இறக்குகிறவர் யாராயிருந்தாலும், வீட்டுக்காரராயிருந்தாலும், குற்றவாளிதான். முதல் தடவைக்கே இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் கொடுக்கவேண்டுமென்று 2014-இல் உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட்டு, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் மனிதன் இறங்குவது நிற்கவில்லையென்றால், காரணம் சட்டத்தில் இல்லை. "அதற்கென்று ஆள் இருக்கிறான்" என்கிற நமது புத்தியில்தான் இருக்கின்றது.

ஆகவே, கக்கூசு கட்டுகிறவர்கள் கோப்பைக்கு முன் குழியைப் பற்றி யோசிக்கவேண்டும். மூடிய தொட்டி வைத்திருப்பவர்கள் லாரிக் குழாய் எட்டும்படியான இடத்தில் மூடி வைத்து, இரண்டு மூன்று வருஷத்திற்கு ஒருமுறை யந்திரத்தால் உறிஞ்சச் சொல்லவேண்டும். முற்றும் நிரம்பிக் கல்லாய் இறுகவிட்டுப் பிறகு ஆளைத் தேடக்கூடாது. துணி, பிளாஸ்டிக், பஞ்சு முதலியவைகளைக் கோப்பையில் போடக்கூடாது. இங்கே நாம் போடுவது அங்கே ஒருவன் கழுத்துக்குக் கயிறு.

கிராமத்தில் இடமுள்ளவர்கள் இரட்டைக் குழிக் கக்கூசு கட்டலாம். சுவரில் இடைவெளி விட்டு, அடியில் தளம் போடாமல் இரண்டு குழி. முதலில் ஒன்றை மாத்திரம் உபயோகிப்பது. ஏறக்குறைய மூன்று வருஷத்தில் அது நிரம்பினதும் அதை அடைத்து மற்றதைத் திறப்பது. அடைத்த குழி இரண்டு வருஷம் கிடந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற மண்ணாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம், வேறொருவனைக் கூப்பிடவேண்டியதில்லை. கிணற்றுக்கு அருகிலும், தோண்டினவுடன் தண்ணீர் ஊறும் பூமியிலும் மாத்திரம் இது கூடாது.

தோழர் திரும்பிப் போய்த் தாயாரைக் கேட்டார். அம்மையார், "இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மட்டும் வையப்பா" என்றாராம். கக்கூசு ஈசானிய மூலையிலேயே எழும்பிற்று. வெள்ளை நிறத்தில் உட்காரும் கோப்பை, பக்கத்தில் கம்பி, வெளியே திறக்கும் கதவு. பின்கட்டுத் தொட்டியின் மூடியைத் தெருப்பக்கமாய் மாற்றிக் கட்டி, லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. அம்மையார் இப்போது இரவில் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறார். வாஸ்துக்காரர் சொன்ன கெடுதல் இதுவரை வரவில்லை. வந்தால் நமக்கும் எழுதும்படி தோழரிடம் சொல்லியிருக்கின்றோம்.

வாசகர்களும் கக்கூசு கட்டப்போகும்போது எந்தத் திசை, எந்த நிறம் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் யாருக்கு முழங்கால் வலி என்று கேட்கவும், குழி நிறைந்தால் யார் வரவேண்டியிருக்கும் என்று கேட்கவும் வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.