தைத்த கப்பல் கடலிலேயே இருக்கட்டும்

2025 டிசம்பர் 29-ஆம் தேதி போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, பாய்களையே நம்பி அரபிக் கடலைக் கடந்து, ஜனவரி மத்தியில் மஸ்கட்டை அடைந்த ‘கௌண்டின்யா’ என்னும் இந்தியக் கடற்படையின் தைத்த மரக்கப்பலை இனிக் காட்சிசாலையில் நிறுத்திக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் நல்லெண்ணத்துடனே கூறக்கூடும். அது காப்பாற்றுவதாகாது என்பது நம் திடமான அபிப்பிராயம்.

அஜந்தாவில் ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற ஓர் ஓவியத்தைப் பிரதான ஆதாரமாகக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையினர் மாதிரியை நீரில் பரிசோதித்துத் தர, கேரளத்துத் தச்சர்கள் கோவாவில் இதைத் தைத்து முடித்தார்கள். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஓரத்தில் துளையிட்டு, இடுக்கின்மேல் தேங்காய் நாரைத் திரட்டி வைத்து, கயிற்றை உள்ளும் புறமும் கோத்து இறுக்குகிற அந்த வேலையில், எவ்வளவு இறுக்கினால் போதும் என்பதைப் பழகிய கை ஒன்றே அறியும். துறைமுகம் ஏற்படுமுன் சென்னைக் கரையில் பேரலைகளினூடே ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகுகளும் தைக்கப்பட்டவையே. ஆணியடித்த மரக்கலம் பிளந்துவிடும் இடத்தில் அவை அலைக்கு வளைந்து கொடுத்தன.

ஆனால் கயிறு நிரந்தரமன்று. உப்பிலும் வெயிலிலும் அது நைந்துபோவதால், முன்னாளில் இத்தகைய கலங்களை அவ்வப்போது கரையேற்றி, தையலைப் பிரித்து, மறுபடி தைத்தார்கள். இளையவன் ஒருவன் மூத்தவரின் அருகிலிருந்து தொழிலைக் கற்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறில்லை. காட்சிக்கு வைத்த கப்பலையோ எவரும் மறுபடி தைக்க வேண்டிய அவசியமே நேராது. கடலோடி டிம் செவரின் 1980-81இல் ஓமானிலிருந்து சீனத்துக் காண்டனுக்குச் செலுத்திய ‘சோஹார்’ என்னும் தைத்த கப்பல் இன்று மஸ்கட்டில் ஒரு சாலைச் சந்திப்பின் அலங்காரமாகிவிட்டது. 2010இல் சிங்கப்பூர் சேர்ந்த ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்னும் மற்றொரு தைத்த கப்பலும் அங்கேயே காட்சிப் பொருளாயிற்று. இரண்டும் மகத்தான பிரயத்தனங்கள். இரண்டும் ஒரே நெடும் பிரயாணத்தோடு ஓய்ந்துபோனமை நமக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செலவைக் காட்டி ஆட்சேபிப்போர் டென்மார்க்கைப் பார்க்கலாம். ராஸ்கில்ட் அருங்காட்சியகத்தார், பதினோராம் நூற்றாண்டு வைக்கிங் போர்க்கப்பலொன்றைப் போலவே கட்டிய கலத்தை 2007இல் டப்ளினுக்கு ஓட்டி, மறு ஆண்டு திரும்பவும் ஓட்டிவந்தார்கள். பூட்டிய கூடத்தில் ஒருநாளும் விளங்காத பாயின் போக்கையும் சுக்கானின் குணத்தையும் கடலே அவர்களுக்குக் கற்பித்தது.

ஆகவே கடற்படையினர் கௌண்டின்யாவை ஆண்டுதோறும் பருவக்காற்றுக்கு இசைய ஓட்ட வேண்டும்; தையல் தளரும்போது, தைக்கத் தெரிந்த மூத்தவர்களின் கீழ் இளைஞர்களைத் தக்க ஊதியத்துடன் அமர்த்தி, கரையிலேயே அதைப் பிரித்துத் தைக்க வேண்டும்; இரண்டாவது கப்பலுக்கான மரத்தை, அந்த மூத்தவர்கள் உளி பிடிக்க வல்லவர்களாக இருக்கும்போதே, கலாசார அமைச்சகம் வாங்கிவைக்க வேண்டும்.