கோப்புகள் ஏன் ஆமை வேகத்தில் போகின்றன?

 

யட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து ஆசிரியச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்துக் குடும்பங்களின் பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம், நிகாஹ் பதிவு ஆகியவற்றை ஸ்கேன் செய்து, வாசிகசாலையில் வைத்திருக்கும் பொதுச் சேமிப்பு சேர்வருக்கு அனுப்புகிறார்களாம். இரவு முழுக்க ஓடியும் முடிவதில்லை. பிள்ளைகள் சலித்துப்போய் எல்லாவற்றையும் மடிக்கணனியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று வருந்துகிறார்.

அந்தச் சலிப்புத்தான் ஆபத்து. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயங்களையும் மண் மூடியது. மறு வருடம் மே மாதம் களு கங்கை பெருகி இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 1948இல் பிரஜாவுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காக அலைந்த மக்களுக்கு ஒரு தாளின் பெறுமதியை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கடனை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. எழுதியதைப் பாதுகாப்பதும் அமானிதம் அல்லவா?

சரி, விடயத்துக்கு வருவோம். கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் பறித்து வந்தாலும் தராசு ஒன்றுதான் என்றால், அந்தத் தராசின் வேகமே எல்லோருடைய வேகமும். கணனிக்கும் சேர்வருக்கும் இடையிலும் அப்படியொரு தராசு இருக்கிறது. அது எதுவென்று தெரியாமல் புதுச் சாமான் வாங்கினால் காசுதான் வீண்.

முதலில் 1 கிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை அனுப்பி நேரம் பாருங்கள். ஒன்றரை நிமிடம் பிடித்தால், அதாவது செக்கனுக்குச் சுமார் 11 மெகாபைட் போனால், வழியில் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது. பழைய சுவிட்ச், பழைய ரவுட்டர் அல்லது பழுதான கேபிள் காரணமாகலாம். 100 மெகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எலி கடித்து ஒன்று அறுந்தாலும் வேகம் பத்திலொன்றாகிவிடலாம். கேபிளை மாற்றிப் பாருங்கள். 100 கிகாபைட் அனுப்ப இரண்டரை மணி நேரம் எடுத்த வேலை, சேர்வரின் டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், கால் மணி நேரத்தில் முடியலாம்.

வேகம் கூடிக் குறைந்து தள்ளாடினால் வைஃபையைச் சந்தேகியுங்கள். சுவரும் தூரமும் அதற்குப் பகை. பெரிய அனுப்புதலின்போது மட்டுமாவது கேபிளில் இணையுங்கள்.

பெரிய கோப்பு விரைவாகப் போகிறது, ஸ்கேன் படங்கள் மட்டும் ஊர்கின்றனவா? சகோதரியின் சிக்கல் அநேகமாக இதுவே. ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் சேர்வர் பெயர் பதிய வேண்டும், அனுமதி பார்க்க வேண்டும், திறந்து மூட வேண்டும். கைப்பிடிக் கொழுந்தைத் தனித்தனியே நிறுத்துப் பெயர் எழுதினால் கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? ஒரு குடும்பத்தின், அல்லது ஒரு லயத்தின் பத்திரங்களைச் சேர்த்து ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சேர்வரோடு பழைய யூஎஸ்பி 2 வழியாக டிஸ்க் பூட்டியிருந்தால், கேபிள் எவ்வளவு நல்லதானாலும் செக்கனுக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டுவது கடினம். அங்கே அதுவே தராசு.

இன்னும் மூன்று விடயங்கள். அனுப்பியவற்றில் சிலவற்றைத் திறந்து பார்க்காமல் மடிக்கணனியில் அழிக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி முழங்கினால் அனுப்புவதை நிறுத்தி, மின்சார வயரோடு நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் இரண்டு வழியாலும் வரும். சேர்வரில் இரட்டை டிஸ்க் இருந்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன? வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே இன்னொரு பிரதியைக் கடவுச்சொல்லிட்டு, வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள்.

வேகம் கூடினால் பிள்ளைகளின் சலிப்பும் நீங்கும். அடுத்த மழைக்கு முன் அந்தத் தாள்கள் பத்திரமாகட்டும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.